கௌசி திருத்திய வானம்

சுதாகரன் ஹட்டன் பஜாரில் ஸ்டூடியோ வைத்துப் பதினாலு வருஷம் ஆகிறது. இந்தப் பதினாலு வருஷத்தில் அவன் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்த பெண் ஒருத்தியாவது கறுப்பாக வெளியே போனதில்லை. தேயிலைக் கொழுந்து பறித்து வெயிலில் காய்ந்த முகம் கம்ப்யூட்டருக்குள் போய், பால்கோவா நிறத்தில் திரும்பி வரும். "இருட்டா விழுந்துறாம பாத்துக்கங்க" என்று தாய்மார் சொல்வார்கள். "அதெல்லாம் கௌசி பாத்துக்கும்" என்பான் இவன்.

கௌசி ஆறு வருஷமாக அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவள். மருவோ தழும்போ கருவளையமோ அவள் மவுஸுக்குத் தப்பியது கிடையாது. கற்றுக்கொடுத்தவன் சுதாகரன்தான். கறுப்பாக எது இருந்தாலும் எடுத்துவிடு, பக்கத்துத் தோலைக் கொண்டுவந்து அங்கே ஒட்டு, ஒட்டினது தெரியக் கூடாது. பாடம் அவ்வளவுதான்.

இப்பேர்ப்பட்ட ஆளுக்கு இருட்டின் மேல் ஆசை வந்தது என்றால் யார் நம்புவார்கள்? கொழும்பில் ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது தன் பழைய தொலைநோக்கியை இவன் தலையில் கட்டிவிட்டார். எல்லாரையும் போல நிலா, சனி வளையம் என்றுதான் தொடங்கினான். பிறகு இணையத்தில் கருமுகில்களின் படங்களைப் பார்த்தான். விண்வெளியில் குளிர்ந்த தூசியும் வாயுவும் திரண்டு, பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு நிற்பவை அவை. தனுசு ராசிப் பக்கம் அப்படி ஒன்று இருக்கிறது. அரிசியைக் கொட்டிவைத்த மாதிரி நட்சத்திரங்கள் நெருங்கிக் கிடக்க, நடுவில் குழந்தை கன்னத்துத் திருஷ்டிப் பொட்டைப் போலச் சின்னதாக ஒரு கறுப்பு. சுதாகரன் அதில் சொக்கிப்போனான்.

கொழும்பில் வானம் பார்க்கிறவர்களின் சங்கமொன்று படப்போட்டி அறிவித்திருந்தது. தேர்வாகும் படங்களை, எடுத்தவர் பெயரோடு கண்காட்சியில் மாட்டுவார்களாம். சுதாகரன் எடுத்த படங்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் தொங்குகின்றன. எடுத்தவன் பெயர் எந்த வீட்டுக்காரருக்காவது தெரியுமா? கடைசிப் பந்தியில் சாப்பிடும் கேமராக்காரத் தம்பி, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை தன் பெயர் ஒரு சுவரில் ஏற வேண்டும் என்று அவன் உண்மையாகவே ஏங்கினான்.

மார்ச் மாதத்தில் மூன்று விடியற்காலைகள் வானம் அவனுக்கு இரங்கியது. டிக்கோயாவுக்கு மேலே, தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முற்றத்தில் தொலைநோக்கியை நிறுத்தினான். கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்தார் காவல்காரர் பெரியதம்பி.

"என்னாங்க தம்பி எடுக்கிறீங்க?"

"ஒரு இருட்டுங்க."

"இருட்ட எடுக்க இம்புட்டுச் சாமான் வேணுமா? கண்ண மூடினாப் பத்தாதா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். விரல் மரத்துப்போகும் குளிரில் சுதாகரன் மூன்று நிமிஷத்துக்கு ஒன்றாக, மூன்று நாளில் அறுபது படங்கள் எடுத்தான். அறுபதையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தபோது அந்தக் கறுப்பு அப்படி ஒரு அழகோடு நின்றது. கம்ப்யூட்டர் முழுக்க ஊரார் கல்யாணங்கள். இடம் போதாது என்று அறுபதையும் அழித்துவிட்டு, சேர்த்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டான். கேமரா கார்டையும் காலியாக்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை விடியுமுன் உடப்புசல்லாவைக்குக் கல்யாணம் எடுக்கப் புறப்பட்டான். போட்டிக்கு அன்று மாலை ஐந்து மணிதான் கெடு.

போகிற வழியில் கௌசிக்கு போன் பண்ணினான். "வானத்துப் படம் ஒண்ணு இருக்கு. முக்கியமான படம், நல்லா பண்ணி வை. நான் வந்து அனுப்புறேன்."

நாலரைக்கு மூச்சு வாங்க வந்து படத்தைத் திறந்தான். நட்சத்திரம், நட்சத்திரம், எங்கே பார்த்தாலும் நட்சத்திரம்.

"கௌசி, நடுவுல இருந்த கறுப்பு எங்க?"

அவள் முகம் மலர்ந்தது. "எடுத்துட்டேண்ணே. பெரிய கறை. ரெண்டு மணி நேரம் ஆயிருச்சு. ஒவ்வொரு நட்சத்திரமா பக்கத்துலருந்து எடுத்து ஒட்டினேன். ஒட்டினது தெரியுதா, பாருங்க?"

தெரியவில்லை. அதுதான் கொடுமை. பழைய படத்தின் மேலேயே சேமித்தும் வைத்திருந்தாள்.

சுதாகரன் கத்தினான். கறுப்பை யார் எடுக்கச் சொன்னது, கறுப்புதானே படமே, அதற்காகத்தானே மூன்று நாள் குளிரில் செத்தேன் என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினான். கௌசி முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"கறுப்பு அழகுன்னு நீங்க சொல்லி இன்னிக்குத்தான் கேக்கிறேன்" என்றாள்.

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

"இதையே அனுப்பிருங்கண்ணே. நல்லாத்தானே இருக்கு."

"அவங்க வானத்த நேர்ல பாக்கிறவங்க. தெரிஞ்சிரும்."

"ஆமாண்ணே. நேர்ல பாத்தா தெரிஞ்சிரும்." கௌசியின் குரல் தாழ்ந்தது. "தை மாசம் கொட்டகலையிலருந்து என்னையப் பொண்ணு பாக்க வந்தாங்க. அவங்களுக்குக் குடுத்த போட்டோவ நீங்கதான் வெளுத்தீங்க. என்னையப் பாத்தாங்க, கையில இருந்த போட்டோவப் பாத்தாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டாங்க. நான் வந்து உங்ககிட்ட கத்தலையே."

அந்தப் படம் சுதாகரனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நம்ம கௌசியாச்சே என்ற பாசத்தில், மற்றவர்களுக்குச் செய்வதைவிட ஒரு மடங்கு கூடுதலாகவே வெளுத்திருந்தான். அவளை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

எழுந்து கேமராவை எடுத்தான்.

"உக்காரு கௌசி. இருக்கிற மாதிரியே ஒண்ணு எடுத்துத் தர்றேன். ஒண்ணையும் தொடமாட்டேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாப் பெண்களும் உட்காரும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். விளக்கைத் தள்ளி வைத்து, குறைத்து, நிதானமாக எடுத்தான். நெற்றியில் ஒளி, கன்னத்தில் அவளுடைய சொந்த நிறம். இவள் இவ்வளவு அழகா என்று ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவனுக்குத் தோன்றியது. கம்ப்யூட்டரில் ஐந்து மணி தாண்டி ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

கௌசி கேமராவை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குண்ணே" என்றாள். "இத யாருக்கு அனுப்புறது?"