டெய்லரக்கா வீட்டு ஃபயர்வால்

"உங்க பல்லையெல்லாம் திருடி நான் என்ன பண்ணப் போறேன்?" என்று டெய்லரக்கா போட்ட கூச்சல் எதிர்வீட்டில் இருந்த எனக்கே கேட்டது. பாதி நறுக்கிய வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அவள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் பல்செட் செய்கிறவர். தெருவில் அவருக்குப் பெயரே பல்செட்டுதான். மாடிக்கும் கீழுக்கும் ஒரே இன்டர்நெட் இணைப்பு. அக்காவின் கம்ப்யூட்டர் காலையிலிருந்து தன்னுடையதற்குள் நுழையப் பார்க்கிறது, காவலுக்கு வைத்திருக்கிற தன் ஃபயர்வால் நாற்பது தடவை தடுத்துவிட்டது என்று அவர் சொல்லப்போக, இவள் சாமியாடிக்கொண்டிருந்தாள்.

"உங்களைச் சொல்லலைங்க. உங்க கம்ப்யூட்டருக்குள்ள வேற ஏதோ புகுந்திருக்கு. ஃபயர்வால் ஆன்ல இருக்கா?"

அக்காவின் குரல் இறங்கியது. எங்கள் தெருவில் அதுவே பெரிய செய்தி. பிறகு மெல்ல விஷயம் வந்தது. புது எம்பிராய்டரி மிஷினோடு ஒட்டமாட்டேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்ததாம். ஏதோ வீடியோவைப் பார்த்து ஃபயர்வாலை அணைத்தாளாம். மிஷின் பூப்போட ஆரம்பித்த சந்தோஷத்தில் திரும்பப் போட மறந்தாளாம். போதாக்குறைக்கு, முந்தாநாள் சும்மா கிடைக்கிறதே என்று முந்நூறு பூ டிசைன்களை, அவற்றைக் காட்டுகிற ஒரு ப்ரோகிராமோடு வேறு இறக்கி வைத்திருக்கிறாள்.

தெருப் பெண்கள் அத்தனை பேரின் அளவும், உடுப்புப் போட்டுப் பார்த்த படங்களோடு, அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. பதினொரு வருஷத்து இடுப்புகள். ஒருத்தி அளவை இன்னொருத்தியிடம் சொல்லமாட்டாள் என்ற நம்பிக்கையில்தான் அக்காவின் கடையே ஓடுகிறது. அது வெளியே போனால் கத்தரியை மூட்டைகட்ட வேண்டியதுதான்.

பல்செட்டு முதல் வேலையாக இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். ஃபயர்வாலைப் போட்டார். எது வெளியே போக நினைத்தாலும் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று வைத்து, வயரைத் திரும்பச் சொருகினார். ஜன்னலில் அதற்குள் தெருப் பெண்களின் ஐந்து தலைகள். யாரும் மூச்சு விடவில்லை.

திரையில் முதல் கேள்வி வந்தது. எம்பிராய்டரி மிஷின். வீட்டுக்குள் மட்டும் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அடுத்தது ஈமெயில் பார்க்கிற ப்ரோகிராம். போகட்டும். மூன்றாவதாக வந்தது பூ டிசைன் காட்டுகிற ப்ரோகிராம்.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பூ காட்டறதுக்கு வெளியே என்ன வேலை?"

"அதேதாங்க. தடுத்துடுங்க."

தடுத்தாள். உடனே வேறு வழியாகக் கேட்டது. தடுத்தாள். மறுபடியும் கேட்டது. ஏழாவது தடவை அவள் மவுஸை அழுத்திய அழுத்தில் மேஜையில் இருந்த குண்டூசி டப்பா கவிழ்ந்தது. பிறகு திரை அடங்கியது.

ஏற்கெனவே போயிருந்தால்? பல்செட்டு இன்டர்நெட் பெட்டியின் கணக்கைத் திறந்தார். இரண்டு நாளில் அந்த வீட்டிலிருந்து வெளியே போனது மொத்தமும் கொஞ்சம்தான். "உங்க அளவு ஃபைல் இதைவிட இருபது மடங்கு பெருசு. போகலைங்க."

ஜன்னலில் ஐந்து பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். அக்கா முந்நூறு பூக்களையும் அந்த ப்ரோகிராமோடு சேர்த்து அழித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதைப் பார்த்து அக்காவுக்கும் பல்செட்டுக்கும் கல்யாணம் என்று தெருவில் நாங்களே முடிவு செய்துவிட்டோம்; தேதி மட்டும்தான் குறிக்கவில்லை. அவரோ பல் ஆஸ்பத்திரி நர்ஸைக் கட்டிக்கொண்டார். மணப்பெண் உடுப்பைத் தைத்தது அக்காதான். அந்த மணப்பெண்ணின் இடுப்பளவை அக்காவிடம் எவ்வளவோ நயமாகக் கேட்டுப் பார்த்தேன்.

"முப்பது தடவை கேட்டாலும் அந்தப் பூ ப்ரோகிராமுக்குச் சொன்ன அதே பதில்தான் உனக்கும்" என்றாள்.

அடுத்த மாதமே புது ஜோடி துறைமுகப் பக்கம் குடிபோய்விட்டது. மாடியை அக்கா இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறாள்.