மேல் வீட்டுத் தண்ணீர்

மேசையை மறுபடியும் நகர்த்த வேண்டி வந்தது. இத்தனூண்டு அறையில் எங்கேதான் நகர்த்துவது? ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் துணி அலமாரி, நடுவில் தையல் மெஷின். கூரையில் உள்ளங்கை அளவு இருந்த ஈரக் கறை இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரந்திருந்தது. அதன் நடுவில் ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தங்கைக்காரி ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து நேர் கீழே வைத்துவிட்டு, மேலே பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

மேல் வீட்டில் இருப்பது யாரோ எவரோ என்றால் இந்நேரம் படியேறிப் போய், கதவைத் தட்டி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பாள். மேலே இருப்பது கூடப் பிறந்த அக்கா. அதுதான் வினையே.

அக்காவும் தங்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஃபிளாட் வாங்கியபோது சொந்தக்காரர்கள் எல்லோரும் வயிறெரிந்தார்கள். மாடிப்படி ஏறினால் அக்கா வீடு, இறங்கினால் தங்கை வீடு, கொடுத்து வைத்தவர்கள் என்றார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் வீட்டுக்கே போய்விட்டதால், குடி வந்த புதிதில் இரண்டு வீட்டிலும் சாமான் அரைகுறைதான். இஸ்திரிப் பெட்டி தங்கையுடையது, ஏணி அக்காவுடையது. குழாயில் வருவது உப்புத் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. அக்கா வாங்கிய சுத்திகரிப்பு மெஷினிலிருந்தே ஒரு டியூபைக் கீழே விட்டுக்கொண்டார்கள். அது தங்கையின் சமையலறை மேல் அலமாரிக்குள் ஒளிந்து வந்து, பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் ஒரு குட்டிக் குழாயாக எட்டிப் பார்க்கும். இப்படி எல்லாவற்றிலும் ஒட்டி உறவாடித்தான் இத்தனை வருஷம் ஓடியது.

கறை வந்த அன்று தங்கை நல்லபடியாகத்தான் போய்ச் சொன்னாள். "அக்கா, உன் பாத்ரூம்ல எங்கயோ ஒழுகுது போல. என் தையல் ரூம்ல இறங்குது."

அக்கா உடனே வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ஈரப்பதம்தான், காற்று பட்டால் சரியாகிவிடும், ஜன்னலைத் திறந்து வை என்றாள். போகும்போது மேசைமேல் ஒரு டப்பாவை வைத்துவிட்டுப் போனாள். உள்ளே சூடாகச் சாப்பாடு.

அதற்குப் பிறகு தங்கை எப்போது சண்டைக்குக் கிளம்பினாலும் இதே கதைதான். மூக்குக்கு மேல் கோபத்தோடு மேலே ஏறுவாள். அக்கா கதவைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி, சாப்பிட்டியா என்பது. இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. தட்டைப் போட்டு உட்கார வைத்துவிடுவாள். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு யார்தான் சண்டை போட முடியும்? வயிறு நிறைந்து கீழே இறங்கி வந்த பிறகுதான், போன காரியம் நினைவுக்கு வரும். அப்போது வருகிற ஆத்திரம் முன்னைவிட ஒரு பங்கு அதிகம்.

சரி, அக்கா என்று பார்க்காமல் முறைப்படி சங்கத்தில் புகார் கொடுக்கலாம் என்றால், அங்கே அதைவிடப் பெரிய கூத்து. அந்தக் கட்டடத்தில் சங்கச் செயலாளர் பதவி வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்துச் சுற்றிவரும். இந்த வருஷம் அக்காவின் முறை. அக்கா வீட்டு ஒழுகலைப் பற்றி அக்காவிடமே புகார் கொடுத்து, அக்காவே விசாரித்து, அக்காவே பதில் சொல்ல வேண்டும். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

செயலாளராக அக்கா சும்மா இருக்கிற ரகமும் இல்லை. எல்லோர் கண்ணிலும் விரலை விட்டு ஆட்டினாள். பால்கனிக்கு வெளியே துணி காயப் போட்ட ஓய்வு பெற்ற பேங்க்காரருக்கு ஒரு நோட்டீஸ். லிஃப்டுக்குள் சைக்கிள் ஏற்றியவருக்கு ஒரு நோட்டீஸ். அனுமதி இல்லாமல் சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று பலகையில் ஒரு பெரிய நோட்டீஸ். அவள் முதுகுக்குப் பின்னால் நோட்டீஸம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவள், தன் வீட்டுக் குளியலறையை ஒரு குழாய்க்காரரை விட்டுப் பார்க்க மாட்டேன் என்கிறாளே என்று தங்கைக்குக் குமுறியது.

ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டாள். குழாய்க்காரரை நானே கூட்டிக்கொண்டு வரட்டுமா என்றாள். அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"கொஞ்சம் பொறுடி. என் முறை முடியட்டும், நானே ஆள் வச்சுப் பார்த்துடறேன்."

முறை முடிவதற்கும் குழாய் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம்? செயலாளர் வீட்டில் ஒழுகுகிறது என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களாம், கௌரவம் போய்விடுமாம். தங்கை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். உன் கௌரவத்துக்கு என் கூரைதான் கிடைத்ததா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே இறங்கி வந்தாள்.

வீட்டுக்காரரிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் உள்ளவர்கள் கண்ணையெல்லாம் சோதிப்பவர், வீட்டில் மட்டும் எதையும் பார்க்க மாட்டார். அது உங்கள் அக்கா தங்கை விவகாரம், நடுவில் நான் வந்தால் நாளைக்கு நீங்கள் ஒன்றாகிவிடுவீர்கள், நான்தான் கெட்டவன் என்பார். அவர் சொல்வதிலும் பொய் இல்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு அந்த அறை வெறும் அறை அல்ல. அந்த மெஷினும் மேசையும்தான் அவள் தொழில். பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருவர் இருந்தார். மேடை நிகழ்ச்சி எப்போது வந்தாலும் அத்தனை பிள்ளைகளுக்கும் உடுப்பு அவளிடம்தான். அந்த ஒருவர் கொடுக்கிற வேலைதான் அவளை நிமிர்ந்து நடக்க வைத்தது. இந்தத் தடவை எல்லாம் வெள்ளைக் கவுன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தைத்து, இஸ்திரி போட்டு, மேசையின் காய்ந்த பக்கத்தில் அடுக்கி, மேலே ஒரு போர்வையையும் மூடி வைத்தாள்.

கறை அதற்குள் இடம் மாறியிருந்தது. டீச்சர் வாங்க வருகிற அன்று மத்தியானம் போர்வையைத் தூக்கிப் பார்த்தால், பழுப்புத் தண்ணீர் போர்வையைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கிறது. மேலே இருந்த கவுன்களின் மார்பில் துருக்கறை. சோப்பு, எலுமிச்சை என்று தெரிந்ததையெல்லாம் போட்டுத் தேய்த்தாள். கறை மங்கியதே தவிரப் போகவில்லை. டீச்சர் ஒரு கவுனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சத்தம் போடவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இந்தக் கவுன் போடுகிற பிள்ளைகளைப் பின்வரிசையில் நிறுத்திக்கொள்கிறேன், அறையைச் சரி பண்ணிவிட்டுச் சொல்லுங்கள், அதுவரைக்கும் வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்தியவள் அதிலேயே சாய்ந்து நின்று அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்கு யார் மேலும் இரக்கம் இல்லாமல் போயிற்று.

அன்று சாயங்காலம் கார் நிறுத்துகிற இடத்தில் சங்கக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே மேசை போட்டு அக்கா. வழக்கமாக முன்வரிசையில் உட்கார்ந்து அக்கா சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற தங்கை, அன்று கடைசி வரிசையிலிருந்து எழுந்து நின்றாள்.

"செயலாளர் வீட்டுத் தண்ணி என் மேசை மேல சொட்டுது. கெஞ்சிப் பார்த்துட்டேன். இப்ப எல்லாரும் வந்து அவங்க வீட்டைப் பாருங்க."

நாற்காலிகள் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின. பேங்க்காரருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பார்த்துவிட வேண்டியதுதான், சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று முதல் ஆளாக எழுந்தார். சைக்கிள்காரர் கட்டடத்துக் குழாய்க்காரரைக் கூப்பிட ஓடினார். அக்கா தங்கையையே பார்த்தாள். வேண்டாம் என்கிற மாதிரி லேசாகத் தலையை ஆட்டினாள். இத்தனை நாள் ஆட்டாத தலையா என்று தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூட்டம் லிஃப்ட் கொள்ளாமல் படியேறியது. குழாய்க்காரர் குளியலறையைத் திறந்து, தரையைத் தட்டிப் பார்த்தார், வடிகாலை அடைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். விட்ட தண்ணீர் அப்படியே நின்றது. ஒழுகலே இல்லை. அப்புறம் அவர் சமையலறைக்குப் போய், பாத்திரம் கழுவும் தொட்டியின் அடி அலமாரிக் கதவில் கை வைத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

உள்ளே ஈரத்தில் ஊறிய துணிச் சுருணைகள். துணி மாற்றித் துணி மாற்றி யாரோ இத்தனை நாளாக ஒற்றி எடுத்திருக்கிறார்கள். சுத்திகரிப்பு மெஷினிலிருந்து ஒரு நீல டியூப் இறங்கி, ஒட்டு டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றிக்கொண்டு, தரையில் போட்ட ஒரு துளைக்குள் போனது. டேப்பையும் மீறி ஒரு சொட்டு திரண்டு துளைக்குள் இறங்கியது.

அந்த நீல டியூபைத் தங்கைக்குத் தெரியும். அவள் தினமும் குடிக்கிற தண்ணீர் அது. வீடு வாங்கின கையோடு, எனக்கு இப்போது தனியாக மெஷின் வாங்க வக்கில்லை அக்கா, ஒரு துளை போட்டு எனக்கும் கொஞ்சம் விடேன் என்று கேட்டவளே அவள்தான். கூரைக்குள் துளை விழுந்தால் தண்ணீர் சிமெண்டுக்குள்ளேயே ஊர்ந்து போய் வேறெங்கோ இறங்கும் என்று அப்போது யார் கண்டார்கள்? கட்டடத்துக் குழாய்க்காரரைக் கூப்பிட்டால் துளை வெளியே தெரியும். ஆணிக்கே நோட்டீஸ் ஒட்டினவள் தளத்தையே ஓட்டை போட்டாள் என்று ஆகும். அதனால்தான் முறை முடியட்டும் என்றாள்.

பேங்க்காரர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "தளத்துல துளையா? இது யார் பண்ணது?"

தங்கை வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"நான்தான். கீழ இருக்கறவ கேட்கல. நானா போட்டுக் குடுத்தது."

திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. இல்லை, நான்தான் கேட்டேன் என்று நாலு வார்த்தை சொல்ல அவளுக்கு எத்தனை நேரம் பிடித்திருக்கும்? சொல்லவில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் அவ்வளவு கணீரென்று பேசினவள், அக்கா வீட்டுச் சமையலறையில் ஊமையாக நின்றாள்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. டியூபை உருவி, துளையைச் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். அக்கா பதவியை விட்டு இறங்கினாள். பேங்க்காரர் ஏறினார், ஏறின கையோடு தளத்தில் துளை போடுவதைப் பற்றி ஒரு நோட்டீஸ் ஒட்டினார். லிஃப்டில் அதைப் படித்துச் சிரித்தவர்கள் அக்கா ஏறினதும் சிரிப்பை மென்று விழுங்கினார்கள். தங்கையின் கூரை காய்ந்தது. வெள்ளையும் அடித்தாயிற்று. மேசை பழைய இடத்துக்கு வந்தது. டீச்சர் வந்து கூரையைத் தொட்டுப் பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்குத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார். நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷம்தான் எங்கே போனது என்று தெரியவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் தங்கள் வீட்டுக்கென்று ஒரு தண்ணீர் மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்தார். வருகிற வரைக்கும் குடிதண்ணீருக்கு வழி? ஒரு நாள் உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துப் பார்த்தாள். முடியவில்லை. ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு, ரோஷத்தை விழுங்கிவிட்டுப் படியேறினாள்.

அக்கா கதவைத் திறந்தாள். கேனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு உள்ளே போய், மெஷினுக்குக் கீழே வைத்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். தண்ணீர் மெல்லிசாக இறங்கிற்று, கேன் நிறைய ஒரு யுகம் ஆனது. தங்கை வாசலிலேயே நின்றாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அக்கா."

"சொன்னா டியூப அன்னைக்கே பிடுங்கிப் போட்டிருப்ப. அப்புறம் தண்ணிக்கு எங்க போவ?"

தங்கைக்குக் கண் கலங்கியது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, கேட்டது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன் என்றாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. நிறைந்த கேனைத் தூக்கி வந்து வாசலில் வைத்தாள்.

"அன்னைக்குச் சொல்லியிருக்கணும். இப்ப வேண்டாம். மூடிய இறுக்கமா மூடிக்கோ, போற வழியில எங்கயும் சொட்டிடப் போகுது."

தங்கை மூடியைத் திருகினாள். மேலும் திருக முடியாத வரைக்கும் திருகினாள். சாப்பிட்டியா என்று அக்கா கேட்பாள், கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பசியோடு கேனைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.