இரண்டாம் பேஸில் தொப்பி இல்லை

மூன்றாவது தொப்பியையும் மண்ணில் வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பென்ஜமினுக்கு அது கண்ணில் பட்டது. ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்தரை மணி. பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளிக் கிடக்கிற ஒரு சின்ன ஊரின் பேஸ்பால் மைதானம். பருவத்தின் முதல் ஆட்டம் பதினொரு மணிக்கு. அந்த மைதானத்தை முப்பது வருஷமாகப் பார்க்கிறவர் பென்ஜமின். புல் வெட்டுவது, மண்ணை வாரி மட்டப்படுத்துவது, சுண்ணாம்புக் கோடு இழுப்பது எல்லாம் அவர் கைதான். அறுபத்தெட்டு வயதாகியும், "இந்த வருஷத்தோட விடுறன்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக்கொண்டு சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றாத மனிதர்.

அந்தக் கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. போன பருவத்துக்குப் பிறகு செத்துப்போன பழைய ஆட்டக்காரர்கள் எந்த இடத்தில் நின்று ஆடினார்களோ, அந்த இடத்தில் அவர்களுடைய தொப்பியை வைப்பார்கள். கூட ஆடிய ஒருவர் ஒலிவாங்கியில் பெயர்களை வாசிப்பார். ஒரு நிமிட மௌனம். பிறகு வாசித்தவரே "பிளே பால்" என்று சொல்ல, கோட்டுக்கு வெளியே நிற்கிற பையன்கள் மைதானத்துக்குள் ஓடுவார்கள். இந்த முறை மூன்று பேர்: வேய்ன், கேர்ட்டிஸ், ரமோன். மூவரும் அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடியவர்கள். பெரிய குழுக்களின் வாசற்படிவரை போய், உள்ளே இடம் கிடைக்காமல், தொண்ணூறுகளில் இந்த ஊர்ப் பியர் ஆலை கொடுத்த காசுக்கு இங்கே வந்து ஆடி, கல்யாணம் கட்டி, ஜெர்மன் மாமியார்களிடம் ஏச்சு வாங்கி, இங்கேயே தங்கிப்போனவர்கள். ஒருவருக்கும் அறுபது தாண்டவில்லை. நவம்பரில் ஒருவர், ஜனவரியில் ஒருவர், பெரிய வெள்ளிக்கு முதல் நாள் ஒருவர். மூவருக்கும் தலைக்குள் கட்டி.

ஒவ்வொரு சாவுக்கும் பென்ஜமின் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார்தான். "கண்டதையும் திண்டாங்கள், என்ன செய்யிறது" என்று திரும்பி வரும்போது சொன்னதும் அவர்தான். செத்த வீடுகளில் ஒவ்வொருவராகத்தானே பார்த்தார்! இன்றைக்கு மூன்று தொப்பியும் ஒன்றாகத் தரையில் கிடந்தன. பேஸ் என்கிற நாலு மூலை கொண்ட மண்பரப்பில் நாலு பேர் காவல் நிற்பார்கள். முதலாம் பேஸில் கேர்ட்டிஸின் தொப்பி. மூன்றாம் பேஸில் வேய்னுடையது. அதற்குப் பக்கத்தில், ஷோர்ட்ஸ்டாப் என்கிற காவல்காரன் நிற்கிற இடத்தில் ரமோனுடையது. போன வருஷத்துத் தொப்பி, அடிப்பவனுக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கிற கட்சருக்கு, அவரும் இந்த மண்ணில் குந்தியிருந்தவர். நாலாவது காவல்காரன் நின்ற இரண்டாம் பேஸ் மட்டும் வெறுமையாக இருந்தது. ஏழு பருவம் அங்கே நின்று ஆடியவன் டக்ளஸ், பென்ஜமினின் ஒரே மகன்.

அந்தக் காலத்தில் அதே குழுவில், மண்ணுக்கு அப்பால் பச்சைப் புல்லில் ஆடிய மூன்று கிழவன்களும் பார்வையாளர் பக்கத்தில் குந்தி, பத்தரைக்கே பியர் போத்தல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள். அதில் ஒருவர் பென்ஜமினைப் பார்த்துக் கையை ஆட்டினார். பென்ஜமினுக்குக் கை எழும்பவில்லை. புல்லையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

நீல நிறப் பீப்பா. மறந்துபோயிற்று என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார். தொண்ணூற்றாறாம் ஆண்டு, பக்கத்துப் படைமுகாமை வெறுமையாக்கியபோது, அங்கே காவலுக்கு நின்ற மனிதன் களைகொல்லி என்று சொல்லிச் சும்மா கொடுத்த பீப்பா. அதில் மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்தது. ஒரு ஜெர்மன்காரன் என்றால் அதைப் பார்த்த உடனே பத்து அடி தள்ளி நின்றிருப்பான். மன்னாரில் வயல் செய்த வீட்டில் பிறந்தவருக்கோ மண்டையோடு இல்லாத மருந்தே தெரியாது. கமக்காரர்கள் கடையில் போய் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். படம் இருந்தால் மருந்து வேலை செய்யும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பீப்பாவில் இருந்த எழுத்தை யாரிடமும் வாசிக்கக் கொடுக்கவுமில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை விசா புதுப்பிக்கிற காலம், வேலைக் கடிதம் இருந்தால்தான் முத்திரை. கேள்வி கேட்கிற அகதியை யார் வேலைக்கு வைத்திருப்பார்கள்? வருஷத்துக்கு இரண்டு தரம், எட்டு வருஷம், பீப்பா காலியாகும்வரை அந்த மண்ணுக்கு அடித்தார். ஒரு புல் முளைக்கவில்லை. பென்ஜமினின் மண்ணைப்போல மண் ஜெர்மனியிலேயே இல்லை என்று வேய்ன் தோளில் தட்டிச் சொன்னான். அவர்கள் அந்த மண்ணில் வழுக்கி விழுந்தார்கள், முழங்கை தேய இரத்தம் வந்தது, விரலை நக்கிப் பந்தைப் பிடித்தார்கள்.

"இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறப்போகுது."

மனைவி வெரோனிக்கா பிளாஸ்க்கோடு வேலிப்பக்கம் நின்றாள். மகனைப் பார்க்கவென்றே இன்றைக்கு ஆட்டத்துக்கு வந்திருந்தாள். இன்றைக்குப் பெயர் வாசிக்கப்போகிறவன் டக்ளஸ். அதற்காக டுசல்டோர்ஃபிலிருந்து விடியவே வந்திருந்தான்.

"அவனெங்க?" என்றார் பென்ஜமின்.

"காருக்குள்ள கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறான். தலையிடியாம். ரெண்டு மாசமா விட்டு விட்டு வருதாம், எனக்கும் இண்டைக்குத்தான் சொல்றான். செவ்வாய்க்கிழமை தலையைப் படம் எடுக்க டேர்மின் குடுத்திருக்காம். சும்மா ஒரு செக்கப்தானம்மா எண்டு சிரிக்கிறான்." அவள் கோப்பையை நீட்டினாள். "என்னப்பா, முகம் வெளிறிப்போச்சு? பிரஷர் குளிசை போட்டனீங்களோ?"

அவர் கோப்பையை வாங்கவில்லை. கார்கள் நிற்கிற இடத்தை நோக்கி நடந்தார். நடக்கும்போதே இரண்டு மனம். சொல்லாமல் விட்டால் என்ன? செவ்வாய்க்கிழமை படத்தில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால், அந்தோனியாரே, வந்துவிட்டால், அவன் நிம்மதியைக் கெடுத்த பாவம் வேறு. ஆனால் டொக்டருக்கு ஒன்றும் தெரியாமல், சும்மா தலையிடி என்று படத்தை மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிட்டால்? வேய்னுக்கு அப்படித்தான் நடந்தது. மூன்று மாதம் தலையிடிக் குளிசை கொடுத்தே கடத்தினார்கள். பெற்ற பிள்ளையின் உயிர். அதற்கு முன்னால் தன் மானம் என்ன மயிர் என்று பென்ஜமின் வாய்விட்டே சொன்னார்.

டக்ளஸ் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான். நாற்பத்து மூன்று வயது, காதோரம் நரை. கையில் பெயர்கள் எழுதிய தாள்.

"தம்பி, உன்னட்ட ஒண்டு சொல்லவேணும்."

"பிறகு சொல்லுங்கோ அப்பா. ஜெசிக்கா கூப்பிடுறா." கழகச் செயலாளர் ஜெசிக்கா ஒலிவாங்கியைச் சரிபார்த்தபடி அந்தப் பக்கத்திலிருந்து கையசைத்தாள்.

"இல்லை, இப்பவே கேள்."

சொன்னார். பீப்பா, மண்டையோடு, எட்டு வருஷம், தொப்பிகள் கிடக்கிற இடம். பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. "டொக்டரிட்டப் போய் இதைச் சொல்லு. என்ரை பேரைச் சொல்லியே சொல்லு. வடிவாப் பாக்கச் சொல்லு" என்று முடித்தார்.

டக்ளஸ் கத்துவான் என்று எதிர்பார்த்தார். அவன் மண்பரப்பைப் பார்த்தபடியே கேட்டான்:

"அடிக்கேக்க நீங்கள் முகத்துக்கு ஏதும் கட்டினனீங்களோ?"

பென்ஜமினுக்குப் பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

"ஓம். மணம் தாங்க ஏலாது. அம்மா துணி மடிச்சுத் தந்து விடுவா. கையுறையும் போட்டனான்."

"எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."

"எனக்கே தெரியாதடா, சத்தியமா."

"மணம் தெரிஞ்சதுதானே அப்பா."

ஜெசிக்கா மறுபடி கூப்பிட்டாள். டக்ளஸ் இரண்டடி போய்த் திரும்பி நின்றான்.

"மண் மாத்தினதோ?"

"மேலால நாலு விரலுக்குப் புதுசு போட்டது. அடியில அதுதான் கிடக்குது."

அவன் போய் ஒலிவாங்கியின் முன்னால் நின்று பெயர்களை வாசித்தான். குரல் பிசகவில்லை. வேய்ன், கேர்ட்டிஸ், ரமோன். சனம் எழும்பி நின்றது. புல்லில் ஆடிய மூன்று கிழவன்களும் போத்தலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தார்கள். வெரோனிக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். காற்று வந்து ரமோனின் தொப்பியைக் கொஞ்சம் திருப்பிவிட்டுப் போனது.

ஒரு நிமிடம் முடிந்தது. டக்ளஸ் "பிளே பால்" சொல்லவில்லை. இரண்டு நிமிடமாயிற்று. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சனத்துக்குள் யாரோ செருமினார்கள், ஜெசிக்கா அவன் முழங்கையை மெல்லத் தொட்டாள். அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஒலிவாங்கியை விட்டு விலகவுமில்லை. வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்பது பையன்களும் தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி, சப்பாத்து நுனி கோட்டில் முட்ட, அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.