புளி தேய்த்த துப்பாக்கி

துப்பாக்கியைப் பற்றி வேதகிரியிடம் வாய் கொடுத்தவன் எவனும் அன்றைக்கு வேளைக்குச் சோறு தின்றதில்லை. பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்க்கும் பட்டறையில் ஹவில்தாராக இருந்தவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு உத்திரமேரூருக்குப் பக்கத்தில் சொந்த ஊரோடு வந்துவிட்டார். ஆனாலும் பட்டறை அவரை விட்டுப் போகவில்லை. பேச்சு எங்கே தொடங்கினாலும் துப்பாக்கியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். இந்த வருஷம் மழையே காணோமே என்று யாராவது வயிறு எரிந்து சொன்னால், "அதுவும் ஒரு விதத்துல நல்லதுதான், இரும்புல துரு ஏறாது" என்பார். கேட்டவன் அடிக்கக்கூட வருவான்.

அவருக்கு இரண்டு கொள்கைகள் இருந்தன. முதல் கொள்கை, துப்பாக்கி என்றால் சுட வேண்டும். "சுடாத துப்பாக்கி ஒலக்கைய்யா. ஒலக்கையாவது நெல்லு குத்தும்." இரண்டாவது, பழைய துப்பாக்கியின் மேல்தோலைத் தொடக் கூடாது. எண்ணெய் போடலாம், துணியால் ஒற்றலாம். தேய்ப்பதும் பளபளப்பாக்குவதும் பாவம். "கெயவன் மூஞ்சியில கீற சுருக்கத்த இஸ்திரி போட்டு எடுப்பியா நீ?" என்று கேட்பார்.

அந்த ஆடி மாதம் செய்யாறு பக்கத்தில் நொடித்துப்போன ஒரு ஜமீன் வீட்டிலிருந்து ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கி, லைசென்ஸிலும் ஏற்றிக்கொண்டு வந்தார். சீமையில் செய்தது, நூறு வயசுக்குக் குறையாது. அடி முதல் நுனி வரை குழல் இரண்டும் கன்னங்கரேல் என்றிருந்தன. பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவது போல வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான்.

விஷயம் மில்லுக்காரர் முத்துகிருஷ்ணன் காதுக்கு எட்டியது. அரிசி மில் முதலாளி. வேதகிரியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அவரிடமும் துப்பாக்கி உண்டு, புத்தம் புதியது, கண்ணாடி போல மின்னும். டீக்கடையில் பத்துப் பேர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா மிலிட்டரி, ஜமீன்லேந்து எதையோ தூக்கியாந்துகீறியாமே? வெடிக்குமா, இல்ல வெறுமனே இருமுமா?"

"முன்னால வந்து நின்னு பாரு, தெரியும்."

"கோச்சிக்காதய்யா. பழசெல்லாம் சுவத்துல மாட்டறதுக்குதான். என் ஆபீசுல மேசைக்கு மேல எடம் காலியா கீது. கெடியாரத்துக்குப் பக்கத்துல மாட்டினா லட்சணமா இருக்கும்."

"சுவத்துல மாட்ட உனுக்கு காலண்டர் ஒண்ணும் கெடைக்கலியா?"

டீக்கடை சிரித்தது. மில்லுக்காரர் சிரிக்கவில்லை. கிளாசைக் கீழே வைத்தார்.

"அப்பிடின்னா விஜயதசமி அன்னிக்கு ஏரிக்குள்ள வா. நான் சுடற அதே கடைத் தோட்டாவ உன் துப்பாக்கியில போடு. தேங்கா கட்டித் தொங்கவுடுவோம். ஒடச்சிட்டீன்னா இனிமே பழசுன்ற பேச்சையே எடுக்க மாட்டேன். அந்தத் தோட்டாவப் போட்டு உன்னால சுட முடியலன்னா, துப்பாக்கி என் சுவத்துக்கு. இன்னா சொல்ற?"

"சொல்றதுக்கு இன்னா கீது? பெரிய ஆணியா அடிச்சி வெச்சிக்கினு காத்துக்கினு இரு. ஆணிதான் மிச்சம் உனுக்கு."

இப்படித்தான் பந்தயம் கட்டினார்கள். ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. அதற்குப் பின் வேதகிரிக்கு ராத்தூக்கம் குறைந்துவிட்டது, பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். ஒரு துப்பாக்கி சுடுவதற்கு ஊரே வந்து நிற்கப்போகிறதே!

ஆயுத பூஜை அன்று காலை துப்பாக்கியைக் கழற்றிக் குழலைத் தனியாக எடுத்து, எண்ணெய் போட்டு, கொல்லையில் கோணிமேல் வைத்தார். பக்கத்திலேயே கடப்பாறை, அரிவாள்மணை, மண்வெட்டி, குத்துவிளக்கு எல்லாம் பூஜைக்காகக் குவிந்து கிடந்தன. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பம்ப் செட்டுக்குக் குளிக்கப் போனார்.

அவர் மனைவி ஆதிலட்சுமி பொரி கடலை வாங்கக் கிளம்பும்போது, வேலைக்கு வரும் சிட்டம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனாள்: "பூஜைக்கு வெக்கிற சாமான் ஒண்ணு விடாம தேச்சி வெச்சிடு, சிட்டம்மா."

சிட்டம்மாள் ஒன்று விடவில்லை.

வேதகிரி ஈரத்துண்டோடு திரும்பி வந்தபோது, துவைக்கிற கல்மேல் புளிச்சக்கையும் செங்கல் தூளும் தேங்காய் நாரும் கிடந்தன. குழல் கழுவி முடிந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட முருங்கை மரத்தில் சாய்ந்து நின்றது. கறுப்பு போய்விட்டது.

"ஐயோ! கொன்னுட்டியே! என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டியே!"

"இன்னாத்துக்கு நைனா இப்பிடிக் கத்துற? ஒண்ணு விடாதேன்னு அம்மாதான் சொல்லிட்டுப் போனாங்க. கடப்பாறையும் தேச்சேன், விளக்கும் தேச்சேன். இது ஒண்ணுதான் கரி புடிச்ச அண்டா மாரி வருவனான்னு நின்னுது. எம்மா நேரம் தேச்சேன் தெரியுமா? தோள்பட்டையே கயண்டுடுச்சி."

"அது கரி இல்ல தாயே! நூறு வருஷத்து மேல்தோலு!"

"அயுக்குக்கு இம்மாம் பெரிய பேரா? திட்டறதுன்னா பார்த்துட்டுத் திட்டு. உள்ளேந்து பூவு வந்துகீது."

"பூவா?"

குழலைப் பிடுங்கினார். வெயிலில் திருப்பினார். அப்படியே துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

குழல் நெடுக வெள்ளைக் கோடும் சாம்பல் கோடும் பின்னிப் பின்னிச் சுழன்று போயின. தேக்குப் பலகையில் ஓடும் ரேகை போல ஒரு இடம், பட்டு முந்தானையில் சரிகை போல ஒரு இடம், சுழி சுழியாகக் கண் கண்ணாக இன்னொரு இடம். இரும்பில் கோலம் போட்டாற்போல இருந்தது. விரலால் தடவினால் மேடும் பள்ளமும் தெரியவில்லை. உள்ளுக்குள்ளிருந்தே பூத்திருந்தது.

"சுருள் குழலு!" என்று கத்தினார். "ஆதி! ஆதி! ஓடியா! சுருள் குழல்டீ!"

பொரி கடலைப் பொட்டலங்களோடு உள்ளே வந்த ஆதிலட்சுமி, புருஷனைத் தேள் கொட்டிவிட்டது என்றே நினைத்தாள். ஈரத்துண்டோடு மனிதர் அப்படிக் குதித்தார்.

"இது மெஷின்ல கடஞ்ச கொயலு இல்ல ஆதி. எஃகுக் கம்பியும் பச்சை இரும்புக் கம்பியும் சேர்த்துக் கயிறு மாரி முறுக்கி, ஒரு தண்டுமேல சுத்தி, காச்சிக் காச்சி அடிச்சிச் செஞ்சது. எங்க பட்டறையில பெரிய மேஸ்திரி ஒரு தபா காட்டினாரு. ஒலகத்துல இப்போ இப்பிடிச் செய்ய ஆளே கெடையாது. புளிப்பு பட்டதும் இரும்பு ஒரு நெறம், எஃகு ஒரு நெறம்னு பிரிஞ்சி வந்துகீது. எந்தப் புண்ணியவானோ கறுப்பு ஏத்தி மறச்சிட்டான். சிட்டம்மா, உன் கைக்குத் தங்கத்துல காப்பு போடணும்!"

"போடு நைனா, நானா வாணாம்னேன்?" என்றாள் சிட்டம்மாள்.

அடுத்த குதி குதிக்கத் தூக்கிய கால் அப்படியே கீழே இறங்கியது. மேஸ்திரி காட்டிய இன்னொரு சாமான் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதுவும் சுருள் குழல்தான். தோட்டா போடுகிற இடத்துக்குச் சற்று முன்னால் வாழைப்பூ மடல் போல விரிந்து கிழிந்து கிடந்தது. அந்தக் காலத்துக் குழல், திருவிழா வேட்டில் போடுகிற கரிமருந்துக்காகச் செய்தது. கரிமருந்து தள்ளும். இந்தக் காலத்துக் கடைத் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தோ ஓங்கி அறையும். நூறு வருஷம் பழசான ஒட்டு அதைத் தாங்காது. அதைச் சுட்ட அதிகாரியின் இடது கையில் அதற்கப்புறம் விரல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை என்று மேஸ்திரி சொன்னார்.

நாளைக் காலை அவர் போட இருந்தது கடைத் தோட்டா. மேல்தோலைத் தொடாதே, தொடாதே என்று ஊருக்கெல்லாம் சொன்ன கொள்கைதான் இதைக் கண்ணில் படாமல் மூடி வைத்திருந்தது. வேதகிரி மறுபடி கல்மேல் உட்கார்ந்து தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இப்பதான குதிச்ச? அதுக்குள்ள குந்திட்டியே?"

அவர் விஷயத்தைச் சொன்னார். ஆதிலட்சுமி பொட்டலங்களைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒடம்பு சரியில்லன்னு ஆள் அனுப்பிடலாங்க."

"ஒடம்புக்கு இன்னா கேடு? கல்லு மாரி கீது." எழுந்தார். "பந்தயம் போச்சி ஆதி. துப்பாக்கியும் போச்சி. ஆனா இத சுடாம மட்டும் குடுக்க மாட்டேன். இம்மாம் அழகா ஒண்ண ஒரு தபா கூட சுடாம குடுத்தா நான் மனுசனா?"

பூஜை முடிந்ததோ இல்லையோ, சைக்கிளை எடுத்துக்கொண்டு, கோயில் திருவிழாவுக்கு வேட்டு போடும் முனியன் வீட்டுக்குப் போனார். கரிமருந்தோடு திரும்பி வந்து, காலித் தோட்டாக்களைத் தன் கையாலேயே அடைத்தார்.

மறுநாள் காலை ஏரி உள்வாயில் திருவிழாக் கூட்டம். தண்ணீர் வற்றிக் கிடந்த இடத்தில் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே கயிறு கட்டி, மில்லில் மூட்டை தூக்கும் எல்லப்பன் தேங்காய்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். "தேங்கா ஒடைக்கக் கல்லு இல்லியா இந்த ஊர்ல? இதுக்கு ரெண்டு துப்பாக்கி" என்று முணுமுணுத்தாலும், மூட்டை தூக்காத ஒரு நாள் கிடைத்ததே என்று முகம் மலர்ந்திருந்தது. உடைந்ததைப் பொறுக்கப் பெண்கள் கூடைகளோடு வந்திருந்தார்கள்.

மில்லுக்காரர் முதலில் சுட்டார். டப், டப் என்று காய்ந்த சத்தம். ஒரு தேங்காய் மட்டும் உடையாமல் சுற்றிக்கொண்டே இருந்தது, மற்றவை போயின. கூட்டம் கை தட்டியது. எல்லப்பன் அதன் பக்கத்தில் இன்னொரு தேங்காயைக் கட்டினான்.

வேதகிரி முன்னால் வந்தார். தோட்டாவை உயர்த்திக் காட்டினார்.

"எல்லாரும் கேளுங்க. இது கடைத் தோட்டா இல்ல. நானே கரிமருந்து போட்டு அடைச்சது. இந்தக் கொயலு கடைத் தோட்டாவத் தாங்காது, வெடிச்சிடும். நேத்திதான் தெரிஞ்சிது. பந்தயம் தோத்துட்டேன். சுட்டுட்டுக் குடுத்துடறேன்."

"பார்த்தீங்களா, இருமறதுக்குக்கூட முடியல!" என்றார் மில்லுக்காரர். ஆனால் வெயிலில் குழல் மின்னியதும் அவர் பார்வை அதைவிட்டு நகரவில்லை.

குழலின் பின்னால் சுத்தியல் போல நிற்கும் இரண்டு குதிரைகளையும் வேதகிரி கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தார். நிதானமாக மூச்சு விட்டார். விசையை அழுத்தினார்.

இடி விழுந்தது. டப் என்றல்ல, அடிவயிற்றில் கை வைத்துத் தள்ளினாற்போல ஒரு முழக்கம். வெள்ளைப் புகை வண்டி வண்டியாகக் கிளம்பியது. ஏரிக்கரைக் கொக்குகள் மொத்தமும் எழும்பின. புகை விலகும்முன் இன்னொரு இடி. விலகியபோது கயிற்றில் நார் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தேங்காய்த் தண்ணீர் பனைமரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்த எல்லப்பன் தலைமேல் தூறலாக விழுந்தது.

ஊர் கத்திய கத்தல்! விசில், கும்மாளம், "இன்னொண்ணு! இன்னொண்ணு!" கந்தக நெடியில் எல்லோரும் இருமிக்கொண்டே சிரித்தார்கள். வேதகிரி கண்ணில் நீர் வழிய, முகமெல்லாம் கரியோடு துப்பாக்கியை மில்லுக்காரரிடம் நீட்டினார். "இந்தா. மாட்டிக்கோ." அவர் வாங்கிக்கொண்டதும், காலியான கையைப் பத்துப் பேர் பிடித்துக் குலுக்கினார்கள், தோளைத் தட்டினார்கள்.

அந்த ஆரவாரத்திலும் அவர் காது துப்பாக்கியிடம்தான் இருந்தது. பின்னால் 'க்ளக்' என்று குழல் மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பினார். மில்லுக்காரர் தன் பையிலிருந்த கடைத் தோட்டாவைப் போட்டு, வலது குதிரையை இழுத்து, தோளில் வைத்துவிட்டார்.

"கதை வுடறான் மிலிட்டரி! வெடிக்குதா இல்லியான்னு பார்த்துடலாம்!"

கத்த நேரமில்லை. வேதகிரி பாய்ந்து, குதிரைக்கும் அது விழும் இடத்துக்கும் நடுவே கட்டைவிரலைக் கொடுத்தார். குதிரை விழுந்தது. சத்தம் துப்பாக்கியிலிருந்து வரவில்லை, வேதகிரியிடமிருந்து வந்தது.

நகம் இரண்டாகப் பிளந்து ரத்தம் குழலின் பூவேலைமேல் வழிந்தது. அப்படியே ஒரு கையால் துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை உருவி மில்லுக்காரர் சட்டைப் பையில் திணித்தார்.

"உன் இடது கை எங்க கீது பாரு. அங்கதான் கொயலு கியிஞ்சிருக்கும். பையித்தியக்காரா!"

மில்லுக்காரர் தன் இடது கையைப் பார்த்தார். சட்டென்று அதைக் குழலிலிருந்து எடுத்துவிட்டார்.

"நெசமாவா மொதலாளி?" என்றான் எல்லப்பன். "நல்லவேளை. தேங்காயோட விரலையும் இல்ல பொறுக்கியிருப்பாங்க இந்தப் பொம்பளைங்க."

முதலில் சிட்டம்மாள் சிரித்தாள். பிறகு எல்லோரும்.

"எட்த்துக்கினு போய்யா உன் பேய" என்றார் மில்லுக்காரர். துப்பாக்கியை அவர் பக்கம் தள்ளினார்.

"பந்தயத்துல நீதான் ஜெயிச்ச. உன் சாமான் இது."

"சுவத்துல மாட்டறதுக்குதான கேட்டேன்? இது மாட்டற சாமானா? நீயே வெச்சிக்கோ."

"சொன்ன சொல்லு இன்னா ஆவறது?"

"சொல்லு என்னுது, ஜெயிச்சது நானு. நான் வாணான்றேன், உனுக்கு இன்னா பேஜாரு?"

ஆளுக்கு ஒரு பக்கம் துப்பாக்கியைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஆதிலட்சுமி முந்தானையைக் கிழித்து வேதகிரியின் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டே இருவரையும் ஒன்றாகத் திட்டினாள். கடைசியில் மில்லுக்காரர் குரலைத் தணித்து, கூட்டத்துக்குக் கேட்காமல் கேட்டார்:

"அந்தக் கரிமருந்துத் தோட்டா இன்னும் கீதா?"

வேதகிரி வலியை மறந்து சிரித்தார். மடியிலிருந்து ஒன்றை எடுத்து அவரே போட்டார். "தோள்ல நல்லா அமுக்கிப் புடி. இது உதைக்காது, தள்ளும். கூடவே போ."

இடி விழுந்தது. புகையில் மில்லுக்காரரே காணாமல் போனார். அதற்குள்ளிருந்து அவர் குரல்தான் முதலில் வெளியே வந்தது.

"டேய் எல்லப்பா! இன்னொரு தேங்கா கட்டுடா!"