தகட்டின் பின்பக்கம்

பதினெட்டு வருஷம் கல் குவாரியில் சம்மட்டி பிடித்த கை என்னுடையது. போன வருஷம் ஒரு கல் உருண்டு வந்து வலது காலை முட்டிக்குக் கீழே நசுக்கியது. உட்கார்ந்து செய்கிற வேலைதான் இனி என்றாகிவிட்டது. உத்திரமேரூரில் அப்படி வேலை கிடைப்பது லேசில்லை.

பாத்திரக்கடை குத்புதீன் பாய்தான் கூப்பிட்டார். சீர் பாத்திரத்தில் பேர் வெட்ட அவரிடம் மெஷின் இருக்கிறது. ஆனால் சென்னையில் ஒரு ஓட்டல்காரர் பித்தளைத் தாம்பாளம் கேட்டிருந்தார். ஓரம் முழுக்கக் கொடியும் இலையும் ஓட வேண்டும், அதுவும் கையால் வெட்டியதாக இருக்க வேண்டும்.

"ஒரு மாசம் பயகு டேனியலு. வளைவு சுத்தமா வந்தா தாம்பாளத்த வூட்லயே வெச்சு வெட்டலாம்" என்றார். உள்ளங்கை அகலத்தில் பழக ஆறு பித்தளைத் தகடு, உருண்டைப் பிடி போட்ட சின்ன உளி ஒன்று, கொடி வரைந்த காகிதம். உளியைத் தட்டக் கூடாது, உள்ளங்கையில் வைத்துத் தள்ள வேண்டும் என்று காட்டி அனுப்பினார்.

மாம்பலகையில் தகட்டை ஆணியால் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நேர்கோடு வந்தது. வளைவில்தான் உளி வழுக்கிக்கொண்டு ஓடியது. கல்லை உடைத்த கைக்கு அழுத்தத்தான் தெரியும். இடது கட்டைவிரல் தினம் கிழிந்தது.

என் மனைவி ஷாரோன் ஒரகடம் பக்கம் ஷூ கம்பெனியில் தோல் தைக்கிறாள். காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் சாயங்காலம் திரும்புவாள். வந்ததும் என் கையைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, தகட்ட வெட்றியா, வெரல வெட்றியா?"

"போடி. வேல பயகிக்கினு கீறேன்."

"தகட்ட ஆணி அடிச்சிட்டு நீ எதுக்கு சுத்துற? ஷூ மூக்கு தைக்கும்போது ஊசி ஒரே எடத்துல நிக்கும். தோலுதான் திரும்பும்."

"இது தோலு இல்ல, பித்தள."

அடுத்த வாரம் கம்பெனியில் கழித்துப்போட்ட தோலில் ஒரு வட்டப் பை தைத்து, செய்யாற்று மணலை நிரப்பி என் முன்னால் வைத்தாள். தகட்டை அதன்மேல் வைத்தால் இடது கையால் திருப்பிக்கொண்டே வெட்டலாமாம்.

"இது இன்னா, தலகாணியா? சர்ச்சுல முட்டி போட எடுத்துக்கினு போ" என்றேன்.

அவளும் சிரித்தாள். பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

முடித்த தகடுகளை பிஸ்கெட் டப்பாவில் போட்டு வைப்பேன். ஐந்தாவதைத் தொடங்கும் முன் பார்க்க எடுத்த நாலாவது தகடு கைநழுவிக் குப்புற விழுந்தது. பின்பக்கத்தில் ஒரு கொடி. மெலிசாகத் தொடங்கி, வளைவின் வயிற்றில் தடித்து, மறுபடி மெலிந்து, உள்ளே சுருண்டு இலையில் போய் நின்றது. ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. மற்ற மூன்றையும் திருப்பினேன். முதல் தகட்டில் கோடு நடுங்கியிருந்தது. மூன்றாவதில் நடுக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து நான் டீக்கடையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஷாரோன் பழகியிருக்கிறாள். புதுத் தகட்டைத் தொடவில்லை. நான் கெடுத்துப் போட்டதின் முதுகில்தான் வெட்டியிருக்கிறாள்.

சந்தோஷப்பட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. கால் போச்சு, சம்பளம் போச்சு, அவள் சம்பளத்தில்தான் சோறு. இந்த ஒரு வேலையிலும் அவளுக்குக் கீழேயா?

எமரி பேப்பரை எடுத்துத் தேய்த்தேன். மூன்று தகடு மழமழவென்று ஆகிவிட்டது. நாலாவதில் ஆழமாக வெட்டியிருந்தாள். பாதி போச்சு, கடைசிச் சுருளும் இலையும் போகவில்லை. கை ஓய்ந்து விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நான் டீக்கடையிலிருந்து வந்தபோது டப்பா மூடி திறந்து கிடந்தது. அவள் எப்போதும்போலச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். ஐந்தாவது, ஆறாவது தகடுகளின் முதுகு வெறுமையாகவே இருந்தது.

மாசம் முடிந்து பாய் ஆறையும் பார்த்தார். "நேரா போறது பரவால்ல. திரும்புற எடத்துல ஒடையுதே." ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நாலாவதை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் நகத்தால் தடவினார்.

"இத யாரு வெட்னது? இந்தக் கைக்கு நாளைக்கே தாம்பாளம் குடுப்பேன்."

நான் பிஸ்கெட் டப்பாவை மூடினேன்.

"குவாரில தெரிஞ்ச ஆளு பாய். ஊருக்குப் போய்ட்டாரு."

தாம்பாள வேலை வேறு ஊர்க்காரருக்குப் போனது. என் காலைப் பார்த்துப் பாய் என்னை மெஷினில் பேர் வெட்ட வைத்துக்கொண்டார். அந்த நாலாவது தகட்டைக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தினார். என் நாற்காலிக்கு நேர் எதிரே.

ஆறு மாசம் அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். முந்தாநாள் காலை கம்பெனி பஸ் நிற்கும் இடம்வரை கோலை ஊன்றிக்கொண்டு அவளோடு போய், தகட்டைத் தேய்த்ததையும் பாயிடம் அவள் பேரை மறைத்ததையும் சொன்னேன்.

"தேய்ச்சது தெரியும்" என்றாள். "எமரித் தூளு தரை முச்சூடும் கெடந்துச்சே."

"ஏன் கேக்கல?"

"காலு போன ஆள்கிட்ட இன்னாத்தக் கேக்குறது?"

"பாய்கிட்ட இப்ப சொல்லட்டா? அடுத்த ஆர்டர் வந்தா..."

வலது மணிக்கட்டை நீட்டினாள். சுற்றிலும் துணி கட்டியிருந்தது. "ஓவர்டைம்ல இது போயிடுச்சுய்யா. டம்ளர் புடிச்சாலே நடுங்குது. உளி எங்க புடிக்கிறது?" பஸ் வந்தது. "சோறு வடிச்சு வெச்சிருக்கேன், துன்னுட்டுப் போ" என்று ஏறிவிட்டாள்.

அன்றைக்குக் கடைக்கு வந்த ஒரு அம்மா குடத்தை மேஜையில் வைத்துவிட்டு அலமாரியைப் பார்த்தாள். "நல்லா கீதே, யாரு வெட்னது?"

"யாரோ குவாரி ஆளாம். டேனியலுக்குத்தான் தெரியும்" என்றார் பாய்.

"என் பொண்டாட்டி" என்றேன்.

பாய் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "அன்னிக்கு இதச் சொல்ல உனக்கு இன்னாய்யா கேடு?"

மெஷினைப் போட்டுக் குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டேன்.

"இன்னா பேரும்மா வெட்டணும்?" என்று கேட்டேன்.