திக்னஸ் மெஷினுக்கு வந்த புது உருளை

மெக்கானிக் மெஷினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தினார்.

"எத்தனை நாளா இந்தக் கீச்சு, அண்ணே?"

தச்சருக்கு எந்தக் கீச்சும் கேட்கவில்லை. "நேத்திலேர்ந்துதான்" என்றார். பொய் என்று தெரிந்தேதான் சொன்னார். பசை மேசையருகில் நின்ற தங்கை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் வேலையில் குனிந்துகொண்டாள்.

அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து நடத்தும் பட்டறை அது. அவருக்கு அறுபது, அவளுக்கு ஐம்பத்திரண்டு. ஆனாலும் வாய்க்கு வாய் "பாப்பா"தான். அறுப்பதும் இழைப்பதும் அவர் பாடு. பொருத்துவது, ஒட்டுவது, பாலிஷ் போடுவது, வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள் பாடு. இழைக்க இரண்டு மெஷின்கள் இருந்தன. முதலாவது பலகையின் ஒரு முகத்தைச் சமமாக்கும். திக்னஸ் மெஷின் என்கிற இரண்டாவது, மேலே சுழலும் உருளையால் பலகையைச் செதுக்கி, முழுவதையும் ஒரே கனத்துக்குக் கொண்டுவரும். இப்போது மக்கர் செய்தது இந்த இரண்டாவதுதான்.

"பேரிங்கை இன்னைக்கே மாத்திடறேன்" என்றார் மெக்கானிக். "ஆனா பிளேடு உக்கார்ற பள்ளம் தேஞ்சுபோச்சு. உருளையையே மாத்தணும். பழைய மாதிரி மூணு நீள பிளேடு போட்டதா, இல்ல சுருள் கட்டரா, நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்க. சொன்னதுலேர்ந்து மூணு வாரம் ஆகும்."

"நாலு பலகை அவசரமா ஓட்டணுமே."

மெக்கானிக் கன்னத்தைச் சொறிந்தார். "லேசா லேசா ஓட்டுங்க. சத்தம் துளி மாறினாலும் பட்டுனு நிறுத்திடணும்."

"முப்பத்தஞ்சு வருஷமா சத்தத்தைக் கேட்டுத்தானேப்பா ஓட்டறேன்."

அன்று தொடங்கியது வீட்டிலும் பட்டறையிலும் ஒரே பேச்சு. தங்கைக்குச் சுருள் கட்டர்தான் வேண்டும். கதவு ஜன்னல் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நீள பிளேடுகளுக்குப் பதிலாக, நகம் அளவுக்குச் சதுரச் சதுரமான, எஃகைவிடக் கெட்டியான கார்பைடு துண்டுகள் உருளையைச் சுற்றிச் சுருளாக உட்கார்ந்திருக்கும். ஒன்று மழுங்கினால் திருப்பி வைத்தால் போதும், நான்கு பக்கமும் கூர். மரம் சின்னச் சின்னதாக வெட்டுப்படுவதால் நார் பிய்யாது.

அங்கே இழைத்த ஒரு பலகைத் துண்டைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். தச்சர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"மீன் செதில் மாதிரி வரி வரியாத் தெரியுதே, பாப்பா."

"உப்புத்தாள்ல ரெண்டு இழுப்பு இழுத்தா போயிடும்."

"என் பிளேடுல வந்தா உப்புத்தாளே வேண்டாம். கண்ணாடி."

"நேர் நார் மரத்துல கண்ணாடிதான், யாரு இல்லேன்னா? சுழி விழுந்த மரத்துல?"

அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார். "அது மோட்டாரை இழுக்கும். நம்ம மோட்டார் மூச்சு வாங்கும்."

"சரி, கொஞ்சமாச் செதுக்குவோம். ஆனா சத்தம் பாதிக்குப் பாதி இல்லண்ணே. பக்கத்துல நின்னு பேசிக்கலாம்."

அவருக்கு உள்ளே சுருக்கென்றது அந்தக் கடைசி வார்த்தையில்தான். பட்டறைக்குள் யார் என்ன பேசினாலும் மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று தலையாட்டிச் சமாளிப்பது இரண்டு வருடமாக அவருக்குப் பழகிப்போயிருந்தது. அந்தச் சத்தமும் போய்விட்டால் எதைச் சாக்குச் சொல்வது? இதை அவளிடம் சொல்ல முடியுமா? "பாப்போம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

அந்த நான்கு பலகைகள் ஒரு பல் டாக்டருடையவை. அவர் வீட்டு முற்றத்து வால்நட் மரம் காற்றில் சாய்ந்துவிட்டது. அறுத்துப் பார்த்தால் உள்ளே முழுக்க அலை அலையாக ரேகை. சாப்பாட்டு மேசை வேண்டும் என்றார் டாக்டர். அதே மரத்தில் இன்னொரு பலகை உலகத்தில் எங்கும் கிடையாது.

முதல் இரண்டும் பரவாயில்லாமல் வந்தன. ரேகை மடங்கும் இடங்களில் மட்டும் லேசாக நார் பிய்ந்திருந்தது. மூன்றாவதை உள்ளே விட்டு, வழக்கம்போல மெஷின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பாதிப் பலகைகூட வெளியே வரவில்லை. காதடைப்பானைக்கூடக் கழற்றாமல் தங்கை பட்டறையின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து, அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அடித்தாள்.

"என்ன பாப்பா, நடுவுல நிறுத்தறே?"

அவள் காதடைப்பானைக் கழற்றினாள்.

"டக் டக் டக்குனு அடிக்குதே. கேக்கலையா?"

உருளை ஓய்ந்ததும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மூடியைத் திறந்தார்கள். ஒரு பிளேடு ஒரு முனையில் தீக்குச்சி கனத்துக்கு வெளியே நகர்ந்திருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டை அவர் விரலாலேயே சுற்ற முடிந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் பிளேடு பறந்திருக்கும். கீழே, டாக்டரின் பலகையில், உழுததுபோலக் குறுக்குக் காயங்கள்.

தச்சர் மரக்குவியல் மேல் உட்கார்ந்தார்.

"கேக்கலை" என்றார். "அன்னைக்கு மெக்கானிக் சொன்ன கீச்சும் கேக்கலை."

தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சத்தம் தெரியணும்னு நான் காதை மூடினதே இல்லை. அதுவே காதைத் தின்னுடுச்சு. இப்பல்லாம் கையிலதான் பாக்கறேன், அதிர்வை வச்சு. இன்னைக்கு அதுவும் சொல்லலை."

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"போன் அடிச்சா என் முகத்தைப் பாக்கறே. நான் எழுந்தாத்தான் நீ எழுந்திருக்கறே. நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன். கேட்டா உனக்குக் கோவம் வரும்னும் பயம். அது என் தப்பு."

அவர் எழுந்து மெஷின் மூடியைச் சாத்திவிட்டு, "சுருளே வாங்கிடு" என்றார்.

"உன் காதுக்காக மட்டும் வேண்டாம். தொழிலுக்கும் சரியா வரணும். ஒழுங்கா யோசி."

அவர் யோசித்தார். இந்த முறை வீம்பு இல்லாமல் யோசித்தார். சுழி மரம்தான் இப்போதெல்லாம் அதிகம் வருகிறது. நார் பிய்ந்ததைச் சரிசெய்ய அவளுக்கு அரைநாள் போகிறது. மோட்டார் பற்றித் தான் சொன்னது சரிதான், அதனால் ஒவ்வொரு தடவையும் பாதி ஆழம்தான் செதுக்க முடியும். போகட்டும். திக்னஸ் மெஷினுக்குச் சுருள். முகம் சமமாக்கும் மெஷினில் பள்ளம் தேயவில்லை, அதில் அவருடைய நேர் பிளேடே இருக்கட்டும். தங்கை ஒத்துக்கொண்டாள், இரண்டு நிபந்தனைகளோடு. சத்தத்தை வைத்து அல்ல, தேதி போட்டுச் சாணை பிடிக்க வேண்டும். மெஷின் ஓடும்போது காதடைப்பான் போட வேண்டும்.

மறுநாள் டாக்டரிடம் அவரே நேரில் போய் விஷயத்தைச் சொன்னார். காயம் மறைய நான்கு பலகைகளையும் ஒரே மாதிரி இழைத்து இறக்க வேண்டும், மேசை நான்கு மில்லிமீட்டர் கனம் குறையும், தவறு தன்னுடையது என்றார்.

"நாலு மில்லி போனா மேசை ஆடுமா?"

"ஆடாது."

"அப்ப சரி" என்றார் டாக்டர். "பல்லுலதான் நாலு மில்லி பெரிய விஷயம்."

அடுத்த வாரம் தங்கையோடு காது பரிசோதனைக்குப் போனார். சின்ன அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அவர் அதிகம் அமுக்கவில்லை. கீச்சு போன்ற மேல்சுருதிச் சத்தம் இரண்டு காதிலும் போய்விட்டது, திரும்பாது, கருவி வைத்தால் பேச்சாவது பிடிபடும் என்றார்கள். கருவி வர ஒரு மாதம் ஆகும்.

உருளை அதற்கு முன்பே வந்துவிட்டது. நாற்பத்தெட்டுத் துண்டுகள். மெக்கானிக் மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். சோதனைக்கு ஒரு சாதாரணப் பலகையை விட்டதும் மோட்டார் திணறியது. தச்சர் ஆழத்தைக் குறைத்தார். வெளியே வந்த பலகையில் நீளவாட்டில் ஒரு மெல்லிய கோடு. தங்கை கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் விரல் அதைக் கண்டுபிடித்தது. மெஷினை நிறுத்தி, அந்தக் கோட்டுக்கு நேரே இருந்த துண்டைக் கழற்றினார். அடியில் ஒரு துணுக்கு மரத்தூள். அதன் பிறகு நாற்பத்தெட்டையும் கழற்றி, இடத்தைத் துடைத்து, ஒரே அழுத்தத்தில் முறுக்கி மாட்ட அரைநாள் பிடித்தது. அதில் அவருக்கு அலுப்பே வரவில்லை.

அடுத்து விட்ட வால்நட் பலகை, ரேகை மடங்கும் இடத்தில்கூட ஒரு நார் பிய்யாமல் வந்தது. செதில் வரி லேசாக இருந்தது. அவர் தானே உப்புத்தாளை எடுத்துக்கொண்டார்.

மேசையைக் கொண்டுபோய்ப் போட்ட அன்று டாக்டர் அதைத் தடவிப் பார்த்து, ஜன்னல் பக்கம் திரும்பியபடியே என்னவோ சொன்னார். பதில் சொல்ல வாயெடுத்த தங்கையைத் தச்சர் கைகாட்டி நிறுத்தினார்.

"டாக்டர், இந்தப் பக்கம் பாத்து, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் காது சரியாக் கேக்காது."

டாக்டர் அருகில் வந்தார். "மிச்ச மரத்துல ஒரு பெஞ்சு வருமான்னு கேட்டேன்."

"எத்தனை பேர் உக்காரணும்?" என்று கேட்டுக்கொண்டே அவர் டேப்பை இழுத்தார்.