மேற்கே சூலம்

கோமு தேங்காய் உடைக்கும் படம் கைபேசிக்கு வந்த அதே நேரத்தில்தான், கம்ப்யூட்டர் திரையில் அந்த நீலப் பொட்டு ஹம்ஸினியின் கண்ணை உறுத்தியது.

படத்தில் எல்லாம் மங்களகரமாகத்தான் இருந்தது. களக்காட்டுக்கு மேற்கே, மலையடியில் ஒண்டிக் கிடக்கும் புளியடிக்குடியிருப்பு. குளத்துக்கரையில் போர் போடும் லாரி நிற்கிறது. துளைக்கப்போகும் இடத்தில் மஞ்சள் பிள்ளையார், எலுமிச்சம்பழம், ஊதுபத்தி. ஊராட்சித் தலைவி கோமு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தேங்காயை ஓங்குகிறாள். பின்னால் குடங்களோடு பெண்கள், இன்றைக்கே நிரப்பிக்கொண்டு போய்விடலாம் என்பதுபோல. ஏற்கெனவே போட்ட இரண்டு குழியிலும் வெறும் பாறைப்பொடிதான் வந்தது. இது மூன்றாவது. நாலாவது என்று ஒன்று கேட்டு வராதீர்கள் என்று மேலே சொல்லிவிட்டார்கள்.

இடத்தைக் குறித்துக் கொடுத்தவள் ஹம்ஸினி.

தரையைக் கத்தியால் வெட்டிப் பார்த்த மாதிரி ஒரு குறுக்குவெட்டுப் படம் தயாரிப்பது அவள் வேலை. களத்தில் நேர்கோட்டில் இரும்பு முளைகளை அடித்து, மின்சாரம் பாய்ச்சி, மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளந்து வருவார்கள். பாளையங்கோட்டை மாடி அறையில் உட்கார்ந்து அவள் அந்த எண்களை மென்பொருளில் ஏற்றுவாள். பூஜ்யம் எந்த முனை, முளைக்கு முளை என்ன இடைவெளி, அடியில் என்னென்ன அடுக்கு இருக்கலாம் என்று உத்தேசமாக ஒரு பூமியைக் கட்டிக் கொடுப்பாள். மேலே மண், நடுவில் இற்றுப்போன பாறை, அடியில் கெட்டிப் பாறை. அதை மென்பொருள் பிசைந்து, நெளித்து, களத்து எண்களோடு பொருந்தும்வரை திருத்திக்கொண்டே போகும். கெட்டிப் பாறைக்குச் சிவப்பு. தண்ணீர் நிற்கக்கூடிய இடத்துக்கு நீலம். நேற்று ஞாயிற்றுக்கிழமையும் பாராமல் வந்து ஓட்டியதில், பிழை நாலு சதவீதத்துக்கு இறங்கிப் படுத்தது. குளத்துப் பக்கம் ஆழத்தில் தொட்டில் மாதிரி ஒரு நீலம் தெரிந்தது. இன்று காலை இடத்தைச் சொல்லிவிட்டாள்.

அவசரத்தில் நேற்று ஒன்றை விட்டிருந்தாள். மேடு பள்ளம். தரை சமம் என்றே வைத்துக்கொண்டு ஓட்டியிருந்தாள். அறிக்கைக்காக இப்போதுதான் செயற்கைக்கோள் உயரங்களை ஏற்றினாள். படத்தின் மேல்விளிம்பு உயிர் வந்ததுபோல் எழும்பியது. மலைப்பக்கம் ஏறி, ஓரிடத்தில் பள்ளமாக இறங்கியது. பச்சையாற்றுக்குப் போகும் சின்ன ஓடை அது. ஓடை என்றால் மேலாக ஈரம் தெரிய வேண்டும். பள்ளத்தின் கீழே சிவப்பு, சுட்ட செங்கல்லாக இருந்தது. மேல்மண்ணின் ஈரத்தைக் காட்டும் சின்ன நீலப் பொட்டோ எதிர்ப்பக்கம், வற்றிக் கிடக்கும் குளத்தருகே, பள்ளமே இல்லாத சமதரையில் உட்கார்ந்திருந்தது.

ஓடை ஒரு பக்கம், அதன் ஈரம் இன்னொரு பக்கமா?

களத்தில் அளந்து வந்த தாணுமாலையனை ஸ்பீக்கரில் கூப்பிட்டாள். அவரும் லாரிக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

"அண்ணாச்சி, அன்னிக்கு மொத முளைய எங்க அடிச்சீங்க?"

"மலப்பக்கந்தான்."

"குளத்துப் பக்கம்லா போட்டுக் குடுத்திருந்தேன்?"

"வெள்ளிக்கெழமைம்மா. மேக்க சூலம்லா! குளத்துல தொடங்குனா மேக்க பாத்துல்லா நடக்கணும்? அதான் மலையில ஆரம்பிச்சு கெழக்க பாத்து வந்தோம்."

"பாளையங்கோட்டையில இருந்து அவ்வளவு தூரம் வண்டில போனீங்களே, அது?"

"அது தெக்கு" என்றார் சட்டென்று. பிறகு குரல் இறங்கியது. "எப்பவும் ஒரு வெல்லக்கட்டிய வாயில போட்டுட்டு நடந்துருவேன். சூலத்துக்குப் பரிகாரம். அன்னைக்குன்னு பாத்து வெல்லத்த மறந்துட்டேன்."

ஒரு வெல்லக்கட்டி. ஹம்ஸினி கண்ணை மூடித் திறந்தாள்.

"ஆனா சார்ட்ட அன்னைக்கே சொல்லிட்டேன், திருப்பிப் போட்டுக்கிடுங்கன்னு."

சார், அவளுடைய மேலதிகாரி, அடுத்த மேசையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். காந்திமதிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொன்னான். அளக்குற பெட்டியில இருந்து எண்கள எறக்கிக் குடுத்தது நாந்தான். திருப்பிட்டேன்." மறுபடி துடைத்தார். "திருப்பிட்டேன்னுதான் நெனைக்கேன்."

"நெனைக்கீங்களா சார்?"

"ஏம்மா, அன்னைக்கு எம்மகளப் பொண்ணு பாக்க வந்திருந்தாவ. தல நூறு பக்கம் சுத்திச்சு. திருப்பணும்னு நெனச்சேனா, திருப்பிட்டேனான்னு... அந்தப் பெட்டியில பழைய பதிவு இருக்குமே?"

"அடுத்த வேலைக்குன்னு சனிக்கிழமையே அழிச்சாச்சு சார்."

ஹம்ஸினி எண்களைத் தலைகீழாக மாற்றி ஓட்டினாள். திரையில் கட்டங்கள் நிறம் மாறி மாறி நெளிந்தன. ஏழு சதவீதம். ஐந்து. நாலு. நின்றது. இந்தப் பக்கம் பார்த்தாலும் நாலு, அந்தப் பக்கம் பார்த்தாலும் நாலு! கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோலத்தான். மூக்கும் முழியும் சரியாக இருக்கும்; எந்தக் கன்னத்து மச்சம் என்பதில்தான் ஏமாற வேண்டும். பொட்டு மட்டும் இப்போது ஓடைப் பள்ளத்துக்கு நேர் கீழே போய் ஒட்டிக்கொண்டது. நீலத் தொட்டில் ஓடையையும் தாண்டி மலையடிக்குப் போய்விட்டது.

"ஒத்தப் பொட்ட நம்பியா?" காந்திமதிநாதன் பின்னால் வந்து நின்றார். "ஒரு முளை சரியாப் பிடிக்காம ஆடுனாலே இப்படி ஒரு பொட்டு விழும். தேங்கா ஒடச்சாச்சு. இப்பப் போயி மாத்துன்னா நம்மள என்னன்னு நெனைப்பாவ? பேசாம இரு."

அவர் சொன்னதும் பொய்யில்லை. முளை ஆடியிருக்கலாம். அவர் திருப்பியும் இருக்கலாம். ஆனால் தப்பென்றால் அந்தக் குடங்கள் இனி எங்கே போய் வரிசை போடும்?

கோமுவைக் கூப்பிட்டாள்.

"சொல்லும்மா. மிசின ஓட்டப் போறாவ, சத்தம் கேக்கா?"

"நிறுத்தச் சொல்லுங்கக்கா. தப்பு எங்க பக்கம். இடம் அது இல்லன்னு தோணுது. ஓடைக்கு அங்கிட்டு, மலையடியில."

அந்தப் பக்கம் சத்தம் அடங்கவே இல்லை. கோமுவின் குரல் மட்டும் அடங்கியது.

"பிள்ளையாரப் புடிச்சு வச்சு, சூடமும் காட்டியாச்சு. எடுத்துட்டு நடன்னு சொல்லுத. நிச்சயமாச் சொல்லுதியா?"

ஹம்ஸினி காந்திமதிநாதனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிச்சயம்னு சொல்ல முடியாதுக்கா. அந்த ஓடைய வச்சுத்தான் சொல்றேன்."

"ஓடையா?" "கோடையிலயும் மாடு அதுல மோந்து பாத்துட்டு நிக்கும். நோண்டுனா ஈரந்தான். அதுக்காவ அதுக்கு அங்கிட்டு அடியில தண்ணி கெடக்கும்னு சொல்லிருவியா?"

ஹம்ஸினி திரையில் ஓடையிலிருந்து தொட்டில்வரை விரலால் அளந்தாள்.

"சரி. மொத ரெண்டு குழிக்கும் வந்தவனுவ நிச்சயம்னுதான் சொன்னானுவ" என்றாள் கோமு. பிறகு அங்கே பார்த்து, "ஏலே, வண்டியத் திருப்புங்கலே! பிள்ளையார நான் தூக்குதேன்!"

இணைப்பு துண்டிக்கும் முன் தாணுமாலையனின் குரல் கேட்டது. "தாராளமா மேக்க போலாம் வே. திங்கக்கெழம சூலம் கெழக்கல்லா!"

மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்கள் மாலையாகியும் பிரிக்கப்படாமல் கிடந்தன. தாணுமாலையன் வீடியோவில் கூப்பிட்டுக் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். மலை, லாரி, நடுங்கும் குழாய். ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாய் இறங்கிக்கொண்டே இருந்தது. புழுதி வெள்ளையாகப் பீறிட்டது. மாவரைக்கும் இடம்போல வெள்ளை. மாறவே இல்லை. குடங்களைக் கவிழ்த்துப் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்கள் பெண்கள். காந்திமதிநாதன் ஹம்ஸினியின் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தார்.

"நிறம் மங்குதோ?" என்றார்.

"வெயில் சாயுது சார்."

ஒரு பெண் எழுந்தாள். இன்னொருத்தியும் எழுந்தாள். குழாயடியில் கோமு குனிவது தெரிந்தது. தலைமயிர், புருவம், தோள் எல்லாம் புழுதி. பீறி விழுந்த பொடியை ஒரு பிடி அள்ளினாள். விரல்களை மூடி இறுக்கினாள். ஈரம் இருந்தால் கொழுக்கட்டை மாதிரி பிடிபட்டு நிற்கும். இல்லாவிட்டால் விரலிடுக்கில் ஒழுகிவிடும்.

"திறங்கக்கா" என்றாள் ஹம்ஸினி. அந்த இரைச்சலில் அது எங்கே கேட்கப்போகிறது?

பெண்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். கோமு மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, திறக்காமல், பக்கத்தில் இருந்த மஞ்சள் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.